புரட்டாசியில் காஷ்மீர் கிளம்புகிறேன், தனியாக, காரில்

ஆவணி முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய பிளவுஸ் இன்னும் ஒன்பது பாக்கி இருக்கிறது. ஆரி, அதாவது கொக்கி ஊசி எம்பிராய்டரி போடுகிற ஸ்டாண்டில் பாதி மயிலோடு ஒன்று நிற்கிறது. அதை முடித்துவிட்டு எழுதலாம் என்று நான்கு நாளாகத் தள்ளிப்போட்டேன், முடியவில்லை. மனசு முழுக்க ரோட்டில்தான் இருக்கிறது. செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நான் நாமக்கல்லில் இருந்து ஸ்ரீநகர் கிளம்புகிறேன். என் பழைய வேகன்ஆர், நான், வேறு யாரும் இல்லை. போக 11 நாள், அங்கே மூன்று நாள், திரும்ப ஒன்பது பத்து நாள். மொத்தம் 24 நாள்.

16 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், வருடத்தில் மூச்சு விடக் கிடைப்பது ஆடி, புரட்டாசி, மார்கழி என்று மூன்றே மாதம்தான். ஆடியில் வடக்கே மழை கொட்டும், மலையில் மண் சரியும். மார்கழியில் பஞ்சாப், ஹரியானா பக்கம் பனிமூட்டத்தில் முன்னால் போகிற லாரியின் பின்விளக்கே தெரியாது. மிச்சம் புரட்டாசி. கல்யாணம் கிடையாது, எங்கள் ஊரில் கோழி முட்டை விலைகூட இறங்கிவிடும், கடைக்கு வருகிறவர்கள் புடவைக்கு ஃபால்ஸ் வைக்கத்தான் வருவார்கள். ஐப்பசி பிறந்ததும் தீபாவளித் தையல் கழுத்தைப் பிடிக்கும், வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வரும். அதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். முதல் சனிக்கிழமை நைனாமலை ஏறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு மறுநாள் கிளம்பு என்பது அம்மா போட்ட ஒரே நிபந்தனை. அதனால்தான் 20ஆம் தேதி.

ஒரு மாதம் தள்ளிப் போனால் இன்னும் அழகு என்று நிறையப் பேர் சொன்னார்கள். உண்மைதான். அக்டோபர் கடைசியில் சினார் மரங்கள் சிவந்திருக்கும், பாம்பூரில் குங்குமப்பூ பூத்திருக்கும். எனக்கும் அந்த ஊதாப்பூ வயலைப் பார்க்க ஆசை உண்டு. ஆனால் அந்த நேரத்தில் பஞ்சாபில் வைக்கோல் தாளைக் கொளுத்துவார்கள், டெல்லி வரைக்கும் புகை நிற்கும். தனியாக ஓட்டும்போது கண் எரிந்தால் மாற்றி ஓட்ட ஆள் இல்லை. செப்டம்பர் கடைசியில் போனால் ஆப்பிள் பறிக்கிற காலம். அது போதும்.

ஏன் காஷ்மீர் என்று கேட்டால், ஆரிதான். நான் தினமும் கையில் பிடிக்கிற அந்தக் கொக்கி ஊசியை வைத்துத்தான் காஷ்மீரில் சால்வைக்கும் ஃபிரன் என்கிற நீள அங்கிக்கும் திரைச்சீலைக்கும் சங்கிலித் தையல் போடுகிறார்கள். நாங்கள் துணியை ஸ்டாண்டில் டிரம் மாதிரி இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் ஊசியை வைப்போம். அவர்கள் ஸ்டாண்டே இல்லாமல், மடியில் போட்டபடி போடுவார்களாம். மணி கிடையாது, ஜர்தோசி என்கிற ஜரிகைச் சுருள் வேலை கிடையாது, வெறும் கம்பளி நூல், பட்டு நூல். ஒரு இலைக்குள் நாலு பச்சை. துணி தளர்வாக இருக்கும்போது தையல் எப்படிச் சுருங்காமல் வருகிறது என்று எனக்கு ஏழெட்டு வருடமாகச் சந்தேகம். வீடியோவில் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், கேமரா எப்போதும் பூவைத்தான் காட்டுகிறது, அடியில் நூலைப் பிடித்திருக்கும் இடது கையைக் காட்டுவதில்லை. எனக்கு அந்த இடது கையைப் பார்க்க வேண்டும். 2021ல் யுனெஸ்கோ ஸ்ரீநகரைக் கைவினைக்கான படைப்பு நகரமாகச் சேர்த்தது. பழைய ஸ்ரீநகரின் சந்துகளில் மூன்று நாள் நடப்பதற்காகத்தான் இத்தனை கிலோமீட்டர்.

விமானத்தில் போனால் ஒரே நாள். அதைச் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் காஷ்மீர் என்பது விமானத்தில் போகிற ஊர் கிடையாது, ரோட்டில் போகிற ஊர். அப்பா 31 வருடம் லாரி ஓட்டினார். நாமக்கல்லில் லாரி ஓட்டாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முட்டையும் ஜவுளியும் ஏற்றிக்கொண்டு வடக்கே போவார், ரிட்டன் லோடுக்கு ஆப்பிளோ கோதுமையோ கிடைக்கும். ஒரு நடை போனால் 20 நாள், 25 நாள். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பா வந்தால் வீடு முழுக்க ஆப்பிள் பெட்டியின் வைக்கோல் வாசம் அடிக்கும்.

நான் பிளான் போட உட்கார்ந்த முதல் நாள் "44ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையிலயே போகப் போறேன்ப்பா, வேற ரோடே வேண்டாம்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. "நாப்பத்து நாலா? அது ஏதுங்கண்ணு? நம்மூரு வழியா போறது ஏழாம் நம்பர் ரோடு." அவர் சொன்னதும் சரிதான். 2010ல் நம்பரை எல்லாம் மாற்றி அமைத்தபோது, கன்னியாகுமரியில் இருந்து மத்தியப் பிரதேசத்தின் லக்னாதோன் வரை பழைய 7, அங்கிருந்து ஜான்சி வரை பழைய 26, அப்புறம் 75, 3, 2, டெல்லிக்கு மேலே 1, 1ஏ என்று துண்டு துண்டாக இருந்ததைக் கோத்து ஒரே 44 ஆக்கினார்கள். ஸ்ரீநகர் முதல் கன்னியாகுமரி வரை 3,700 கிலோமீட்டருக்கு மேல், நாட்டிலேயே நீளமான தேசிய நெடுஞ்சாலை. அது எங்கள் வீட்டில் இருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. அதில் ஏறி வடக்கே திரும்பினால் போதும் என்பது எனக்கு இப்போதும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

முதலில் கன்னியாகுமரி போய் அங்கிருந்து தொடங்கலாம் என்று இருந்தேன். முனையில் இருந்து முனைக்கு என்றால் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. கணக்குப் போட்டால் தெற்கே 430 கிலோமீட்டர் போய், அதே 430 திரும்ப வந்து என் வீட்டு வாசலைத் தாண்டிப் போக வேண்டும். இரண்டு நாள் போய்விடும். அதை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாகப் பரமத்தி வேலூர் காவிரிப் பாலம் வரை 20 கிலோமீட்டர் தெற்கே போய், ஆற்றைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்புவதாக முடிவு. இது அப்பாவின் நோட்டைப் பார்த்ததால் வந்த யோசனை. அவர் ஊர்ப் பெயரைவிட ஆற்றுப் பெயரைத்தான் அதிகம் எழுதியிருக்கிறார். கர்னூலில் துங்கபத்திரை, தாண்டினால் கிருஷ்ணா, நிர்மலுக்கு முன்னால் கோதாவரி, நர்சிங்பூர் பக்கம் நர்மதை, தோல்பூரில் சம்பல், ஆக்ராவில் யமுனை, லூதியானாவுக்கு அந்தப் பக்கம் சட்லஜ், ராம்பனில் செனாப், கடைசியில் ஜீலம். பாலம் வந்தால் கிளீனர் ஆற்றில் காசு போடுவானாம், எந்த ஆற்றுக்கும் அந்த மரியாதை தவறாதாம்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலிகோ அட்டை, முதுகில் சணல் நூல் போட்டுத் தைத்திருக்கிறது. டீசல், படி, செக்போஸ்ட், பஞ்சர், கிளீனர் அட்வான்ஸ் என்று பென்சிலில் கணக்கு. மாநில எல்லைக்கு எல்லை செக்போஸ்ட் செலவு வருகிறது, 2017ல் ஜிஎஸ்டி வந்த பிறகுதான் அந்தச் சாவடிகள் எடுபட்டன. ஓரத்தில் சின்னச் சின்னக் குறிப்பு: "சாகர் தாண்டி தண்ணி நல்லா இல்லை", "லக்னாதோன் இறக்கம் 2ல போகவும்", "இங்கே படுக்கக் கூடாது". ஒரு பக்கத்தில் ஆக்ரா என்று எழுதி வெறும் 40 ரூபாய் டயர் செலவு. எத்தனை தடவைப்பா ஆக்ரா வழியாகப் போயிருப்பீர்கள் என்று கேட்டேன். ஐம்பது அறுபது நடை இருக்கும் என்றார். தாஜ்மகால் எப்படி இருக்கும் என்றேன். "நான் எங்க பாத்தேன். பகல்ல ஊருக்குள்ள லாரிய விடமாட்டான். ராத்திரியில பைபாஸ்ல போறப்போ, அந்தப் பக்கந்தான்டா இருக்குதுன்னு கிளீனருக்குக் கை காட்டிட்டுப் போயிருவேன்."

இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆக்ராவில் தங்குகிற எண்ணமே முதலில் எனக்கு இல்லை, இப்போது திரும்பி வரும்போது ஒரு பகல் முழுக்க ஒதுக்கியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடியிருக்கும், அதனால் அந்த நாள் புதன் அல்லது வியாழனில் விழுகிற மாதிரி ஸ்ரீநகரில் இருந்து கிளம்புகிற தேதியைப் பின்னால் இருந்து எண்ணி வைத்திருக்கிறேன்.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போயேன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். இரண்டு முழங்காலும் போய்விட்டது, சர்க்கரை இருக்கிறது, மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. "நான் லோடுக்குப் போனவன் கண்ணு, நீ பாக்கப் போறவ. என்னையும் ஏத்திக்கிட்டா என்ன பாத்துக்கறதுலயே உன் ரோடு முடிஞ்சிரும்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

சரி, பிளானுக்கு வருகிறேன். தனியாகப் போகிறவர்கள் எல்லோரும் ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டலாம் என்றுதான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு நாளைக்கு 600 என்று போட்டு ஆறு நாளில் ஸ்ரீநகர் என்று எழுதி அப்பாவிடம் காட்டினேன். அவர் தூரத்தைப் பார்க்கவே இல்லை. "ராத்திரி எங்க நிப்பாட்டற?" என்றார். ஒவ்வொரு நாளுக்கும் அதையே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, முதலில் தங்குகிற இடம், அதிலிருந்து பின்னோக்கிக் காலையில் கிளம்புகிற நேரம் என்று மாற்றிப் போட்டேன். மாலை நாலரை மணிக்குள் அறைக்குப் போய்விட வேண்டும். அப்போதுதான் அறை பிடிக்கவில்லை என்றால் இன்னொன்று தேட வெளிச்சம் இருக்கும்.

இதை நான் நோகாமல் கற்றுக்கொள்ளவில்லை. போன மார்கழியில் ஒத்திகை மாதிரி ஹம்பி வரை தனியாகப் போனேன். அனந்தபூர் தாண்டி பல்லாரி பக்கம் போகும்போது ஐந்தரை மணி இருக்கும், மேப் "நான்கு நிமிடம் மிச்சம்" என்று இடது பக்கம் ஒரு வழி காட்டியது. திரும்பிவிட்டேன். ஒரு கிலோமீட்டர் தார், அப்புறம் மண், அப்புறம் வாய்க்கால் கரை. வலது பக்கம் கரை விளிம்பு வரை தண்ணீர், இடது பக்கம் பத்தடிப் பள்ளத்தில் மிளகாய் வயல், நடுவில் என் வண்டி அளவுக்கு ஒரு பாதை. எதிரே மிளகாய் மூட்டையோடு டிராக்டர். அவர் பின்னால் போக முடியாது, டிரெய்லர் இருக்கிறது. நான்தான் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். இருட்டிக்கொண்டு வருகிறது. கண்ணாடியில் தண்ணீர் மட்டும் பளபளவென்று தெரிகிறது, கரை தெரியவில்லை. டிரெய்லரில் இருந்து மிளகாய் பறிக்கிற பெண்கள் நாலு பேர் இறங்கி வந்தார்கள். இரண்டு பேர் வண்டியின் பின்னால் வாய்க்கால் பக்கமாக நின்றுகொண்டு கை தட்டினார்கள். ஒரு தட்டு என்றால் வா, இரண்டு தட்டு என்றால் நில். பாஷை தேவைப்படவே இல்லை. முக்கால் கிலோமீட்டர் அப்படியே பின்னால் வந்தேன். முகம் முழுக்க மிளகாய் நெடி, கண்ணீர் எதனால் வந்தது என்று எனக்கே தெரியாது. தார் ரோடு வந்ததும் அதில் ஒரு பெரியம்மா என் கன்னத்தைத் தொட்டு ஏதோ கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் மாலை நான்கு மணிக்குப் பிறகு எந்தக் குறுக்கு வழியும் எடுப்பதில்லை. 44 எங்கே போகிறதோ அங்கேதான் நானும். இரண்டே இடத்தில் விலகுகிறேன். ஹைதராபாத்துக்குள் போகாமல் ஷம்ஷாபாத்தில் வெளிவட்டச் சாலை ஏறி மேட்சல் பக்கம் இறங்குகிறேன். டெல்லிக்குள்ளும் போகவில்லை, பல்வல் பக்கம் கிழக்குப் புறவழி விரைவுச்சாலையில் ஏறினால் 135 கிலோமீட்டரில் குண்ட்லி வந்துவிடும், அங்கே மறுபடி 44. பெங்களூரை மட்டும் தவிர்க்க முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் தப்பிக்கலாம் என்று நம்பிக்கை.

முதல் நாள் தங்கல் லேபாக்ஷி, ஆந்திராவில் பழைய கோயில் இருக்கிற ஊர். நெடுஞ்சாலையில் இருந்து சுமார் 15 கிலோமீட்டர் உள்ளே. தொங்கும் தூணைப் பார்க்கத்தான் எல்லோரும் போவார்கள், நான் போவது தூண்களில் செதுக்கியிருக்கிற கட்டங்களுக்கும் பூக்கோலங்களுக்கும். நாம் புடவை பார்டரில் பார்க்கிற எத்தனையோ டிசைனுக்கு அந்தக் கல்லில்தான் மூலம். விதானத்து ஓவியத்தில் பெண்கள் உடுத்தியிருக்கிற சேலைகளையும் நோட்டில் வரைந்துகொள்ள வேண்டும். விஜயநகரக் காலத்துச் சேலை, 16ஆம் நூற்றாண்டு. அப்புறம் கர்னூல், நிர்மல், பெஞ்ச் (புலிக்காடு இருக்கிற இடம்), சாகர், குவாலியர் (அங்கே ஒரு நாள் ஓய்வு), பானிப்பட், பதான்கோட், உதம்பூர், ஸ்ரீநகர். பெரும்பாலும் 300 முதல் 400 கிலோமீட்டருக்குள். குவாலியர் பானிப்பட் மட்டும் 450 வருகிறது, அது என் தொண்டையில் நிற்கிறது. மதுராவில் உடைத்துவிடு என்கிறார் அப்பா. உடைத்தால் ஸ்ரீநகரில் ஒரு நாள் குறையும்.

செலவைக் கேட்டு நிறையப் பேர் செய்தி அனுப்புகிறீர்கள். போக வர, உள்ளூரில் சுற்ற எல்லாம் சேர்த்து 7,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். என் வண்டி ஹைவேயில் 18 கொடுக்கிறது, அப்படியென்றால் 390 லிட்டர், லிட்டருக்குச் சராசரி 102 போட்டால் 40,000 ரூபாய். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் பெட்ரோல் விலை அதிகம், அதனால் பாகேபள்ளியில், கர்நாடகா முடிகிற இடத்தில், டேங்கை நிரப்பிக்கொள்ள வேண்டும். தங்க 23 ராத்திரிக்கு 1,500 வீதம் 34,500. சாப்பாடு 12,000. முன்பக்கம் இரண்டு புது டயர் 9,000. சுங்கத்துக்குத்தான் நல்ல சேதி: 2025 ஆகஸ்ட் 15ல் இருந்து சொந்தக் காருக்கு ஃபாஸ்டேக் வருடாந்தர பாஸ் இருக்கிறது, தொடங்கியபோது 3,000 ரூபாய், ஒரு வருடம் அல்லது 200 தடவை, எது முதலில் வருகிறதோ அதுவரை. தேசிய நெடுஞ்சாலைக்கும் தேசிய விரைவுச்சாலைக்கும்தான் செல்லும், ஹைதராபாத் வெளிவட்டச் சாலைக்குத் தனியாகக் காசு போகும். எல்லாம் கூட்டினால் ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதற்கு மேல் 25,000 தனிக் கணக்கில், வண்டி நின்றால் தொடுவதற்கு. இந்தப் பணத்தை நான் மூன்று வருடமாக, ஒரு மணப்பெண் பிளவுஸுக்கு 200 ரூபாய் என்று எடுத்து வைத்துச் சேர்த்தேன்.

இப்போது ஸ்டெப்னி. தயவுசெய்து யாராக இருந்தாலும் இன்றைக்கே டிக்கியைத் திறந்து உங்கள் ஸ்டெப்னியில் காற்று பாருங்கள். சர்வீஸ் விட்ட இடத்தில் எல்லாம் பார்த்தாயிற்று என்று சீட்டில் டிக் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நான் கொண்டு போய்ப் பிடித்துப் பார்த்தால் 33 இருக்க வேண்டிய இடத்தில் 12. ரோட்டில் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியை நிறுத்தி, அப்பா பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துகொண்டு, என்னைச் சக்கரம் கழற்ற வைத்தார். நான் நேராக ஜாக்கியைப் போட்டு ஏற்றிவிட்டு ஸ்பானரைத் திருப்பினேன். நட்டோடு சேர்ந்து சக்கரமும் சுற்றியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். இறக்கி, ஹேண்ட்பிரேக் போட்டு, மூலைக்கு எதிர்ச் சக்கரத்துக்குக் கல் வைத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை எல்லாம் கால் சுற்று தளர்த்த வேண்டும். கையால் அசையவில்லை. ஸ்பானரைத் தரைக்குப் படுக்கையாக மாட்டி, அதன் நுனியில் ஏறி நின்று, குதிகாலால் ஒரு அழுத்து. படக்கென்று விட்டது. அந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஏற்றி, கழற்றி, மாற்றி, நட்டை எதிரெதிராகக் கையால் முடுக்கி, இறக்கிய பிறகு முழு இறுக்கம். முதல் தடவை 40 நிமிடம், மூன்றாவது தடவை 18. சக்கரத்தைத் தூக்கித் துளையில் மாட்டுவதுதான் கஷ்டம், அதற்கும் ஒரு வழி சொன்னார்: தரையில் உட்கார்ந்து இரண்டு பாதத்தின் மேலும் சக்கரத்தை வைத்து, காலாலேயே தூக்கிக் கொடு. முதுகு வலிக்கவே இல்லை. புடவையிலும் முடியும், செய்து பார்த்தேன்.

பெண்கள் கேட்டவற்றுக்கு. அறையைப் பொறுத்தவரை ஊருக்கு வெளியே பைபாஸில் தனியாக நிற்கிற லாட்ஜ் வேண்டாம், ஊருக்குள் குடும்பங்கள் வந்து போகிற இடம். போனதும் தாழ்ப்பாளைப் பார்ப்பேன், கதவுக்கு அடியில் வைக்க மரஆப்பு ஒன்று ஆசாரியிடம் செய்து வைத்திருக்கிறேன். கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்க், தயங்கவே தேவையில்லை, பெட்ரோல் போடாவிட்டாலும் கழிப்பறை, குடிதண்ணீர், டயருக்குக் காற்று இலவசமாகக் கொடுக்க வேண்டும். தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவதை நான் செய்து பார்த்துவிட்டேன், இரண்டாம் நாளே சிறுநீர்க்கடுப்பு வந்தது. மாதவிடாய் நாளை எண்ணித்தான் குவாலியரில் ஓய்வு வைத்தேன். இதை எந்தப் பயணக் குறிப்பிலும் யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033, மற்ற எதற்கும் 112. காலையில் கிளம்பும்போதும் சாயங்காலம் சேர்ந்ததும் என் தம்பி மனைவிக்கு இடம் அனுப்ப வேண்டும், ஆறு மணிக்குள் வரவில்லை என்றால் அவள் கூப்பிடுவாள். நாமக்கல்லில் வாங்கிய ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீருக்குள் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட்தான் வேண்டும். போன வாரமே மாற்றிவிட்டேன். இந்தியில் எனக்குத் தெரிந்தது கடையில் மணி வாங்கிப் பழகியது மட்டும்தான், அதனால் அப்பா சொல்லச் சொல்லத் தமிழில் ஒரு பக்கம் எழுதி டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிறேன். "ஹவா தேக் லோ பையா" (காற்று பாருங்கண்ணா). "பங்க்சர் கி துகான் கிதர் ஹை?" (பஞ்சர் கடை எங்கே?) "மிர்ச் கம்" (காரம் கம்மியாக).

கடைசித் துண்டைப் பற்றித்தான் வீட்டில் பேச்சு. 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றதை அம்மா டிவியில் பார்த்தவர். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே வருடம் ஆகஸ்ட் கடைசியில் பெய்த மழையில் உதம்பூர் பக்கம் மலை சரிந்து நெடுஞ்சாலை நாள் கணக்கில் மூடிக்கிடந்தது, ஆப்பிள் லாரிகள் வரிசையாக நின்று பெட்டியோடு அழுகின. அந்தப் படத்தைப் பார்த்து அப்பா அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. அதனால் பதான்கோட்டை முடிவெடுக்கிற இடமாக வைத்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்து, ஜம்மு காஷ்மீர் போக்குவரத்துப் போலீஸ் தினமும் போடுகிற அறிவிப்பைப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கத்து வண்டியை எத்தனை மணி வரை விடுவார்கள், எங்கே கல் விழுகிறது என்று அதில் இருக்கும். சரியில்லை என்றால் ஆரி இன்னொரு புரட்டாசிக்கு, வண்டி தர்மசாலா பக்கம் திரும்பும், 90 கிலோமீட்டர்தான். இதை அம்மாவிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

ரோடு திறந்திருந்தால் மேலே போவேன், ஆனால் அப்பா ஏறிய அந்த மலை ஏற்றம் எனக்கு இல்லை. பட்னிடாப் ஏறி இறங்க அவருக்கு அரை நாள் ஆகுமாம், 2017ல் திறந்த செனானி நாஷ்ரி சுரங்கம் ஒன்பது கிலோமீட்டரில் மலைக்கு அடியில் அந்தப் பக்கம் கொண்டு போய் விடுகிறது. பனிஹாலில் அவர் போனது 1956ல் திறந்த ஜவஹர் சுரங்கத்தில், அந்தக் காலத்தில் ராத்திரி மூடிவிடுவார்கள், லாரிகள் வெளியே குளிரில் வரிசையாக நிற்கும். இப்போது அதற்குக் கீழே எட்டரைக் கிலோமீட்டரில் புதுச் சுரங்கம் காசிகுண்ட் வரை போகிறது. "இருட்டுக்குள்ள போயி வெளிய வந்தா ஒரேயடியா வெளிச்சம், நெல்லு வயலு, நம்மூரு மாதிரியே இருக்கும் கண்ணு" என்று சொன்னார். அந்த இடத்தில் வண்டியை ஓரம் கட்டி அவருக்கு வீடியோ கால் போட வேண்டும். போஸ்ட்பெய்டுக்கு முக்கியமான காரணமே அதுதான்.

திரும்பி வரும்போது பெஞ்ச் காட்டுப் பக்கம் இரண்டு ராத்திரி. போகும்போது காடு மூடியிருக்கும், மழைக்காலத்துக்கு அடைத்துவிட்டு அக்டோபர் 1ல்தான் திறப்பார்கள். அந்தக் காட்டுக்குள் 44 போகிற இடத்தில் சாலையைத் தூண்மேல் தூக்கிவிட்டு அடியில் மிருகங்கள் கடக்க வழி விட்டிருக்கிறார்கள், மகாராஷ்டிரா பக்கத்தில் ஒன்று மட்டும் 750 மீட்டர் அகலம். நாம் மேலே 80ல் போய்க்கொண்டிருக்கும்போது கீழே புலி நடந்து போவதைக் கேமரா பிடித்திருக்கிறது. அப்பா நோட்டில் அந்த இடத்துக்கு எதிரேதான் "இங்கே படுக்கக் கூடாது" என்று எழுதியிருக்கிறது.

இன்னும் பாக்கி இருப்பவை: வீல் அலைன்மென்ட், புகைச் சான்றிதழ் புதுப்பிக்க வேண்டும் (15ஆம் தேதி முடிகிறது), அம்மா அரைத்துத் தருகிற பருப்புப்பொடிக்கு டப்பா, சின்னக் கெட்டில். சாகரில் மட்டும் இன்னும் நல்ல அறை அமையவில்லை. ஊருக்குள், கார் நிறுத்த இடத்தோடு, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். மதுராவா, ஒரேயடியாகப் பானிப்பட்டா என்று இன்று ராத்திரி அப்பாவோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன்னால் இந்த மயிலுக்குத் தோகை போட வேண்டும்.